பழைய கிட்டார், புதிய பாடல்: மூத்த ராக் கலைஞர்கள் ஏன் ஒவ்வொரு பாடலாக வெளியிடுகிறார்கள்?

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி. இங்கிலாந்தின் பர்மிங்ஹம் நகரில், வில்லா பார்க் காற்பந்தரங்கில் ‘பிளாக் சபாத்’ குழு தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. குழுவைத் தொடங்கிய நால்வரும் மேடைக்கு வந்தனர். பாடகர் ஓசி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை. பெரிய இருக்கை ஒன்றில் அமர்ந்தபடியே பாடினார். அடுத்த பதினேழாம் நாள், ஜூலை 22ஆம் தேதி, 76 வயதில் காலமானார்.

அன்று மேடையேறிய மற்ற குழுக்கள் தங்கள் பாடல்களோடு பிளாக் சபாத் பாடல்களையும் பாடின. 1972ல் வெளியான ‘சேஞ்சஸ்’ பாடலை இளைய பாடகர் யங்பிளட் பாடினார். அந்த மேடைப் பதிவு சில நாள்களில் தனிப்பாடலாக வெளிவந்தது. பாடல் பழையது, குரல் புதியது, பதிவும் புதியது. ஆனால் அதைத் தேடிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பழைய பாடலின் நினைவால்தான் தேடினார்கள்.

ராக் இசையைப் பின்தொடர்பவர்களுக்கு இத்தகைய செய்திகள் இப்போது வாரந்தோறும் வருகின்றன. மூத்த குழு ஒன்று புதிய தனிப்பாடல் வெளியிட்டது, இன்னொன்று பிறர் பாடலைத் தன் பாணியில் பாடியது, வேறொன்று நாற்பதாண்டுக்கு முந்திய தொகுப்பை மீண்டும் பதிவுசெய்கிறது என்று செய்திகள் தொடர்கின்றன. இவற்றுக்கு என்ன காரணம்? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இசைக்கும் தமிழ்க் கலைஞர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிராங்கூன் சாலைக்குத் தெரியாத குழு

லிட்டில் இந்தியாவில் நடந்துபோனால் காதில் விழுவது பெரும்பாலும் திரைப்பாடல். கோயில் பக்கம் போனால் நாதசுரமும் தவிலும். இதே சமூகத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஹெவி மெட்டல் குழு கிளம்பி உலகின் பல மூலைகளில் நேயர்களைப் பெற்றிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குழுவின் பெயர் ‘ருத்ரா’. 1992ல் சிங்கப்பூரில் தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் சிலர் தொடங்கியது. கதிர் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடினார். சிவா டிரம்ஸ், பாலா கிட்டார். டெத் மெட்டல் எனப்படும் கடுமையான இசைவகையில் தொடங்கிய அவர்கள், பின்னர் உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் இந்திய இசைச் சாயலையும் அதனுள் கொண்டுவந்தனர். அந்தப் பாணிக்கு ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயர் நிலைத்தது.

முதல் தொகுப்பு வெளிவர ஆறு ஆண்டுகள் ஆயின. 1998ல் குழுவின் பெயரிலேயே அது வந்தது. 2001ல் இரண்டாவது. 2003ல் பகவத் கீதையைத் தழுவிய ‘குருக்ஷேத்ரா’. அதன்பின் 2005, 2009, 2011ஆம் ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் மூன்று தொகுப்புகள். 2013ல் ‘ரிதா’, 2016ல் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’, 2022ல் ‘எய்ட் மகாவித்யாஸ்’. ஆக, 24 ஆண்டுகளில் ஒன்பது முழுத் தொகுப்புகள். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையே மட்டும் ஆறு ஆண்டு இடைவெளி.

உள்ளூர்த் தமிழ்ச் சமூகத்தில் பெரிதாகப் பேசப்படாத இக்குழுவைக் கல்வியுலகம் கவனித்தது. சிங்கப்பூரின் இசை ஆய்வாளர் யூஜீன் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் இங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி 2009ல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

ஒன்பது தொகுப்புகள் வெளியிட்ட குழுவுக்கும், இன்று படுக்கையறையில் கணினியை வைத்துக்கொண்டு முதல் பாடலைப் பதிவுசெய்யும் இளைஞருக்கும் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பாடலை எப்படி வெளியிட்டால் அது கேட்கப்படும்?

முடிக்குத் தடை இருந்த காலம்

சிங்கப்பூரில் ராக் இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1964ல் ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷான்ட்டி’ என்ற வாத்திய இசை, உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸ் குழுவையே பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது.

1970களில் நிலைமை மாறியது. ஆண்கள் நீண்ட முடி வளர்ப்பது போதைப்பொருள் பழக்கத்தோடும் மேல்நாட்டு ஹிப்பி வாழ்க்கையோடும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. முடி வளர்த்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டிகள் தொங்கின. 1972ல் உலகப் புகழ்பெற்ற ‘லெட் ஸெப்ளின்’ குழு இங்கு நடத்தவிருந்த நிகழ்ச்சி முடி விவகாரத்தால் நடக்காமல் போனது.

ஆயினும் இசை நிற்கவில்லை. ரம்லி சாரிப் பாடிய ‘ஸ்வீட் சாரிட்டி’ குழு 1979ல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மலாய் ராக் அலைக்கு வழி திறந்தது. அந்த ரம்லி சாரிப்தான், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019 தேசிய தினக் கொண்டாட்டத்தில் தம் கரகரத்த குரலில் ‘மாஜுலா சிங்கப்பூரா’ பாடினார். வேகத்தைக் குறைத்து, உருக்கமாகப் பாடிய விதத்தைச் சிலர் மெச்சினர்; சிலருக்குப் பிடிக்கவில்லை. நாட்டுப்பண்ணாகவே இருந்தாலும், தெரிந்த பாடலை ஒரு மூத்த கலைஞர் தம் வழியில் பாடும்போது விவாதம் எழத்தான் செய்கிறது.

1990களின் தொடக்கத்தில் ராக் நிகழ்ச்சிகளில் ‘ஸ்லாம்’ ஆட்டத்துக்குத் தடை வந்தது. ருத்ரா தொடங்கிய காலமும் அதுவே. அந்த ஆண்டுகளில் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருந்த ‘சப்ஸ்டேஷன்’ கலை நிலையத்தின் தோட்டம்தான் பங்க், மெட்டல் குழுக்களுக்குக் கிடைத்த சில மேடைகளில் ஒன்று. 2021ல் சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியது. மேடையில் வாசித்தது காற்றோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பவை ஒலிப்பதிவுகள் மட்டுமே.

தனிப்பாடலா, தொகுப்பா?

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரண்டும் புதிதல்ல. புலவர்கள் அவ்வப்போது பாடிய தனிப்பாடல்களைப் பின்னால் வந்தவர்கள் திரட்டாக்கினார்கள். ராக் இசையில் இது பல காலம் தலைகீழாக நடந்தது. முதலில் தொகுப்பைத் திட்டமிடுவார்கள். அதில் எடுப்பான ஒன்றை விளம்பரத்துக்காகத் தனிப்பாடலாக முன்னால் விடுவார்கள். இன்றும் பெரிய குழுக்கள் அதைச் செய்கின்றன. ‘மெட்டாலிகா’ 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘72 சீசன்ஸ்’ தொகுப்பின் முதல் பாடல் 2022 நவம்பரிலேயே வந்துவிட்டது.

மற்றொரு வழியை ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ காட்டியது. 2017லும் 2022லும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்திய இக்குழு 2021க்கும் 2023க்கும் இடையில் நான்கு தனிப்பாடல்களை வெளியிட்டது. நான்கும் 2008ல் வந்த ‘சைனீஸ் டெமாக்ரசி’ தொகுப்புக்கான நீண்ட பதிவுப் பணிகளில் பிறந்து, வெளிவராமல் கிடந்தவை. அவற்றைத் தூசு தட்டி, புதிய கிட்டார் பகுதிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக விட்டார்கள். முழுத் தொகுப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இணையத்தில் பாடல் கேட்கும் முறைதான் இதற்கு முக்கியக் காரணம். ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாடலை 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும். நீண்ட முன்னிசையோடு தொடங்கும் மெட்டல் பாடலுக்கு அந்த 30 விநாடி சோதனைதான். 2024ஆம் ஆண்டிலிருந்து இன்னொரு விதியும் உண்டு: பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவு உரிமைத் தொகை கிடைக்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளூர்க் குழு ஒன்றுக்கு நிலையான நேயர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பாடல்கள் கொண்ட தொகுப்பை ஒவ்வொருவரும் ஆண்டில் மூன்று முறை முழுமையாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு பாடலுக்கும் 900 கேட்புகள், மொத்தம் 9,000. ஆனால் எந்தப் பாடலும் 1,000ஐத் தொடவில்லை என்பதால் ஒரு காசும் வராது. அதே 9,000 கேட்புகள் மூன்று தனிப்பாடல்களில் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 3,000. மூன்றுமே எல்லையைத் தாண்டிவிடும். கிடைக்கும் தொகை சிறியதுதான். என்றாலும் எந்த வழியில் வெளியிடுவது என்று ஒரு சிறு குழு யோசிக்கும்போது இந்த விதி கண்முன் நிற்கும்.

வெளியிடும் நாளுக்கும் வழக்கம் உண்டு. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. தளத்தின் தொகுப்பாளர்கள் கவனத்துக்குக் கொண்டுசெல்ல, குறைந்தது ஏழு நாள்களுக்கு முன்பே பாடலை அனுப்பியிருக்க வேண்டும். பதிவு முடிந்த அன்றே அவசரத்தில் ஏற்றிவிடும் குழுக்கள் இந்த வாய்ப்பை இழக்கின்றன.

தொகுப்புக்கு இப்போது இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ருத்ராவின் ‘பிரம்மவித்யா’ வரிசையை எடுத்துக்கொண்டால், மூன்று தொகுப்புகளின் பெயர்களும் ‘நான்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் முடிகின்றன. ஆத்மாவைப் பற்றிய ஒரே விசாரணை ஆறாண்டு காலம் மூன்று தொகுப்புகளில் நீள்கிறது. அதிலிருந்து ஒரு பாடலை மட்டும் கேட்பது, நெடுங்கதையின் நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசிப்பதைப் போன்றது.

கவர் பாடல்: மரியாதையா, வசதியா?

பிறர் பாடிப் பதிவுசெய்த பாடலை இன்னொருவர் பாடிப் பதிவுசெய்தால் அது கவர் பாடல். மூத்த ராக் குழுக்கள் இதில் மும்முரமாக இருக்கின்றன. 1968ல் தொடங்கிய ‘டீப் பர்பிள்’ 2021ல் வெளியிட்ட ‘டர்னிங் டு கிரைம்’ முழுக்கவே கவர் பாடல்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உறுப்பினர்கள் தத்தம் வீடுகளிலிருந்து பதிவுசெய்தது அது. ஒன்றாக உட்கார்ந்து புதுப் பாடல் இயற்ற முடியாத நேரத்தில், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாடல் கைகொடுத்தது.

கவர் பாடல் புகழையும் கைமாற்றும். 1998ல் மெட்டாலிகா வெளியிட்ட ‘கராஜ் இங்க்’ தொகுப்பால், ‘டைமண்ட் ஹெட்’ போன்ற பழைய பிரிட்டிஷ் குழுக்களைப் பலர் முதன்முறையாகத் தெரிந்துகொண்டனர்.

தமிழ்ச் சமூகத்தில் இது வேறு விதமாக நடக்கிறது. ராக் குழுவுக்குச் சொந்தப் பாடல்தான் முகவரி. கவர் பாடல் கூடுதல் விருந்து. நம் திருமண மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் இசைக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கோ திரைப்பாடல்களே எல்லாம். சொந்தப் பாடல் பாடினால் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். இங்கே நல்ல கிட்டார் கலைஞர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் பிறர் பாடலை வாசித்தே ஓய்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்நாடக இசையில் இந்தப் பிரிவினையே கிடையாது. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும் ஒவ்வொருவரும் கவர் பாடல்தான் பாடுகிறார் என்று சொல்லலாம். ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. பாடகர் தம் மனோதர்மத்தால் என்ன சேர்க்கிறார் என்பதையே கேட்கிறோம். நல்ல ராக் கவர் பாடலையும் இதே காதோடு கேட்கலாம்: மூலத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறாரா, அதில் தமக்கென ஒரு வழி கண்டிருக்கிறாரா?

அனுமதி யாரிடம் வாங்குவது?

தியாகராஜர் 1847ல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளுக்கு அனுமதி தேவையில்லை. வாழும் இசையமைப்பாளரின் பாடல் என்றால் நிலைமை வேறு. 2017 மார்ச்சில் இளையராஜா, தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் மூலம் அறிக்கை அனுப்பியபோது தமிழுலகமே இரண்டுபட்டது. பாடியவருக்கே அந்தப் பாடலைப் பாட உரிமை இல்லையா என்று பலர் கேட்டனர்.

அந்தக் கேள்விக்கு விடை, ஒரு பதிவுக்குள் இரண்டு உரிமைகள் இருப்பதில் உள்ளது. மெட்டும் வரியும் சேர்ந்த ‘இயற்றப்பட்ட பாடல்’ ஒன்று. அதைப் பாடி இசைத்துப் பதிந்த ‘ஒலிப்பதிவு’ மற்றொன்று. இரண்டின் உரிமையாளர்களும் வேறு வேறாக இருக்கலாம். கவர் பாடல் பாடுபவர் புதிதாகப் பதிவுசெய்வதால் இரண்டாவது உரிமை அவருடையதாகிறது. முதலாவது எப்போதும் இயற்றியவருடையது, அல்லது அவரிடமிருந்து அதைப் பெற்றவருடையது.

சிங்கப்பூரில் இசைப் படைப்பின் காப்புரிமை இயற்றியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம் கலைஞர்களுக்குச் சாதகமான சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவு பொது இடங்களில் இசைக்கப்பட்டாலும் ஒலிபரப்பப்பட்டாலும் பதிவின் உரிமையாளர் அதற்குக் கட்டணம் கோரலாம்.

மேடையில் பாடுவதற்கான உரிமத்தைப் பொதுவாக நிகழ்ச்சி நடக்கும் இடமோ ஏற்பாட்டாளரோ ‘காம்பஸ்’ எனும் சிங்கப்பூர் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்திடம் பெறுகின்றனர். 1987ல் தொடங்கப்பட்ட இச்சங்கம் வசூலிக்கும் தொகையை இயற்றியவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. சொந்தப் பாடல் இயற்றும் உள்ளூர்க் கலைஞர் அதில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவுசெய்துவைத்தால்தான் பங்கு தேடி வரும்.

இந்தியாவில் கவர் பாடலுக்கென்றே 2012 திருத்தத்தில் தனிப் பிரிவு உண்டு. முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழியும்வரை, அந்தப் பிரிவின்கீழ் கவர் பதிவு வெளியிட முடியாது. உரியவருக்கு முன்கூட்டியே கட்டணமும் செலுத்த வேண்டும்.

இளைஞர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஒலியாக வெளியிடப் பெற்ற உரிமம் காணொளிக்குப் போதாது. அதற்கு அனுமதி தனி. மற்றொன்று, ஆங்கில ராக் பாடலின் மெட்டுக்குத் தமிழ் வரி எழுதினால் அது வெறும் கவர் ஆகாது. மொழிமாற்றமும் தழுவலும் உரிமையாளரின் நேரடி அனுமதி தேவைப்படுபவை.

மெருகு, கலவை, மறுபதிவு

‘புதுப்பிக்கப்பட்ட பதிப்பு’ என்று மூத்த குழுக்கள் அறிவிப்பதில் மூன்று வகை உண்டு.

முதலாவது மெருகேற்றல். முடிந்துபோன பதிவின் ஒலியளவையும் தெளிவையும் மட்டும் சீர்செய்வது. வீட்டுச் சுவருக்கு மறுபடி சாயம் அடிப்பதுபோல. அறைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது மறுகலவை. டிரம்ஸ், கிட்டார், குரல் என்று தனித்தனியாகப் பதிந்தவற்றை எடுத்து, எது முன்னால் ஒலிக்க வேண்டும், எது பின்னால் ஒலிக்க வேண்டும் என்று புதிதாக அமைப்பது. அதற்குத் தனித்தனிப் பதிவுகள் கைவசம் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மெட்டாலிகாவின் 1988ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ சான்று. அதில் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்கவே இல்லை என்பது ரசிகர்களின் முப்பதாண்டுக் குறை. 2018ல் மெருகேற்றிய பதிப்பு வந்தது. அப்போதும் பேஸ் எழும்பவில்லை. குழு மறுகலவை செய்ய விரும்பவில்லை. அந்தக் காலத்தில் எடுத்த முடிவு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது மறுபதிவு. எல்லாவற்றையும் முதலிலிருந்து பாடி வாசிப்பது. இதற்குப் பெரும்பாலும் உரிமைச் சிக்கலே காரணம். 2012ல் ‘டெஃப் லெப்பர்ட்’ குழு, தன் பழைய பதிவுகளை வைத்திருந்த நிறுவனத்தோடு இணைய வருமானம் குறித்து உடன்பாடு ஏற்படாததால், தன்னுடைய புகழ்பெற்ற பாடல்களையே மீண்டும் பதிவுசெய்து விற்றது. தங்கள் பாடலுக்குத் தாங்களே போலி தயாரித்ததாக அக்குழுவினர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர். பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் செய்ததும் இதுவே.

இப்போது நான்காவதாக ஒரு வழியும் சேர்ந்துள்ளது. ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்ததிலிருந்து, கணினி மூலம் குரலை மட்டும் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ என்ற பீட்டில்ஸ் பாடல் வெளியானது. முன்பு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோய், பிரிக்க முடியாமல் கிடந்த பதிவு அது.

வயதும் குரலும்

மெட்டல் பாடகர்கள் உறுமுவதுபோல் பாடுவதைக் கேட்டுத் தொண்டை கிழிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. முறையாகப் பயின்றவர்கள் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளையும் அதிரவிட்டு, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி அந்த ஒலியை எழுப்புகிறார்கள். பயிற்சியில்லாமல் கத்தினால் குரல் கெடும். பயின்றவர் ஐம்பதைத் தாண்டியும் பாடலாம்.

உச்சஸ்தாயியில் பாடும் ஹார்ட் ராக் பாடகர்களுக்குச் சிரமம் அதிகம். அதனால்தான் பல மூத்த குழுக்கள் மேடையில் கிட்டார் சுருதியை அரைச்சுரம் இறக்கிக்கொள்கின்றன. நம் கச்சேரிகளில் மூத்த வித்துவான்கள் கட்டையைக் குறைத்துக்கொள்வதைப் போன்றதே இது. டிரம்ஸ் கலைஞருக்குச் சுமை இன்னும் கூடுதல். இரண்டு கால்களாலும் விடாமல் அடிக்கும் பாஸ் டிரம் வேகத்துக்கு உடற்பயிற்சி வீரரின் கட்டுப்பாடு வேண்டும்.

முழுத் தொகுப்பைப் பதிவுசெய்ய வாரக்கணக்கில் வேலை. வேலைக்கும் போய், பிள்ளைகளையும் வளர்த்து, பெற்றோரையும் பார்த்துக்கொள்ளும் நடுவயதுக் கலைஞருக்கு ஒரு வார இறுதியில் ஒரு பாடல் என்பதே கட்டுப்படியாகிறது. தனிப்பாடல்கள் பெருக இதுவும் ஒரு காரணம்.

எந்த மொழியில் பாடுவது?

பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாடல்களால் மலேசியா முழுவதும் கொண்டாடப்பட்டது. 2007ல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் துக்கம் கொண்டாடினர். ருத்ரா ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடுகிறது. 2017ல் கிளாஸ்டன்பரி விழாவில் இசைத்த முதல் சிங்கப்பூர்க் குழுவான ‘வார்ம்ராட்’ பாடுவது ஆங்கிலத்தில்.

சந்தை எங்கே இருக்கிறதோ அங்கே மொழி போகிறது என்பது ஒரு விளக்கம். அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு. தோட்டத்திலும் நகரத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டு என்றால் பெரும்பாலும் திரைப்பாட்டுதான். அதற்கு வெளியே தமிழில் கோபத்தையும் துயரத்தையும் உரக்கப் பாடலாம் என்பதற்கு முன்மாதிரிகள் கைக்கெட்டும் தூரத்தில் குறைவு. தமிழின் வல்லின ஒலிகளும் சித்தர் பாடல்களின் கடுமையும் உறுமி மேளத்தின் வேகமும் மெட்டலுக்குப் பொருந்தாதவை அல்ல. பாடிப் பதிந்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது முன்மாதிரியாகும்.

அலமாரியில் கிடக்கும் கேசட்

அப்படிப் பதிந்தவை ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கலாம். 1980களிலும் 1990களிலும் நண்பர்கள் கூடி வாசித்த குழுவின் ஒத்திகைக் கேசட், சமூக மன்ற நிகழ்ச்சியின் காணொளி நாடா, எப்போதோ அச்சிட்ட நூறு குறுந்தட்டில் எஞ்சியது. நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் இவற்றுக்கு எதிரிகள். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பூச்சை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவைக் கருவியில் போட்டால் பூச்சு உரிந்து வந்துவிடும். நிபுணர்கள் அதைக் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே இயக்குகிறார்கள். ஆகையால் பழைய நாடா கிடைத்தால் ஆவலில் உடனே ஓடவிட வேண்டாம். முதலில் பூஞ்சையோ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒலிநாடா மாற்றித் தருவோரிடம் கொடுப்பது நல்லது.

கணினிக் கோப்பாக மாற்றியதும் நான்கு விவரங்களை எழுதிவைக்க வேண்டும்: பாடலின் பெயர், இயற்றியவர்கள், வாசித்தவர்கள், பதிவுசெய்த ஆண்டும் இடமும். எதிர்காலத்தில் மெருகேற்றவும் மறுபதிவு செய்யவும் உரிமை கோரவும் இவையே ஆதாரம். தனித்தனிப் பதிவுகள் இருந்தால் அவற்றையும் அழித்துவிடாமல் இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். குழுவினர் உயிரோடு இருக்கும்போதே யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

தேசிய நூலக வாரியத்தின் ‘மியூசிக்எஸ்ஜி’ மின்சேகரிப்பில் சிங்கப்பூரர்களின் பல காலத்து இசையைத் தேடலாம். அந்தச் சேகரிப்பு எவ்வளவு முழுமையாக இருக்கும் என்பது, பதிவுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை வெளியே கொண்டுவருவதைப் பொறுத்தது.

ருத்ராவின் ஒன்பது தொகுப்புகளும் பெயரோடும் ஆண்டோடும் வரிசையாக நிற்பதால்தான் ஆய்வாளரால் எழுத முடிந்தது, வெளிநாட்டு ரசிகரால் தேடிக் கேட்க முடிகிறது. அதே காலத்தில் அதே மேடைகளில் வாசித்துவிட்டு, ஒரு பாடலைக்கூடப் பதிந்துவைக்காமல் கலைந்துபோன குழுக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களில் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கிட்டார் கட்டிலுக்கு அடியில் இருக்கக்கூடும், பாடல் நினைவிலும் இருக்கக்கூடும். ஒரு வார இறுதி ஒதுக்கினால் அதில் ஒன்றையாவது பதிந்துவிடலாம்.